பாரா என்று நீ நிறுத்திய இடம்

இன்று காலை கல்லூரிக்குக் கிளம்பும்போது சாரல் பிடித்துக்கொண்டது. மலைக்கு அந்தப் பக்கம் மழை தொடங்கிவிட்டால் தேனிக்குக் காற்றும் தூறலும்தான் வரும் என்பது உனக்குத் தெரியும். முழுக்க நனைக்கவும் நனைக்காது, சும்மா போகவும் விடாது. அலமாரிக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த குடையை எடுத்து விரித்தேன். உங்கள் குடைக்கடை வாசனை வந்தது. கஞ்சி போட்ட புதுத்துணி, கம்பிக்குத் தடவிய எண்ணெய், பாச்சை உருண்டை. இத்தனை வருடம் கழித்தும் அந்த நெடி மடிப்புகளுக்குள் உட்கார்ந்திருக்கிறது. விரித்த குடையோடு வாசலிலேயே நின்றுவிட்டேன். உன்னை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அதை நான் விரிக்கவே இல்லை.

இந்தக் குடையை எனக்குக் கொடுத்தவள் நீ. எதற்காகக் கொடுத்தாயோ அந்தக் காரியத்தை நான் செய்யவில்லை. நீ இருக்கும்போதே இதை உன்னிடம் சொல்லியிருக்கலாம். உன் போடிக்கும் என் தேனிக்கும் நடுவில் அப்படி ஒன்றும் தூரமில்லை. ரயில் இருந்தது, பஸ் இருந்தது. வாய் போனது உனக்குத்தான். ஆனாலும் பேசாமல் இருந்தவள் நான்.

மதுரை ஹாஸ்டலில் நாம் பழகத் தொடங்கியது உன் பலகார டப்பாவால். நான் வடுகபட்டிக்காரி. எங்கள் வீட்டிலிருந்து பூண்டு ஊறுகாய் வரும், அதை விட்டால் என் அண்ணன் வருவான். உனக்கோ கிறிஸ்துமஸ் முடிந்து திரும்பும்போது ஒரு தகர டப்பா நிறைய அச்சுமுறுக்கு இருக்கும். நான் கேட்டு வாங்கித் தின்னும் ரகம் இல்லை. நீ படித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்காருவேன், அவ்வளவுதான். நீ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் ஒரு புருவத்தை மட்டும் உயர்த்திவிட்டு டப்பாவை என் பக்கம் தள்ளுவாய். அந்தப் புருவத்தைப் பிறகும் ஒரு நாள் பார்த்தேன். அதற்கு வருகிறேன்.

நூலகத்தில் நான் ஒரு கட்டுரைக்காக ஆங்கில அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பி எழுத்தில் இருந்தேன். நீ என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, அந்த வரிசை முழுவதும் ‘பாரா’ என்றே தொடங்குவதைக் கண்டுபிடித்தாய்.

“ஏ புள்ள, எங்க கடைக்கு எஸ்டேட்டுல இருந்து தொரைசானிக வருவாக. பூப்போட்ட குடையாப் பாத்து ‘பாராசோல், பாராசோல்’ம்பாக. அவுக போனப்பறம் எங்கய்யா எங்கிட்டக் கேப்பாரு, ‘ஒரு குடைக்கு எதுக்காத்தா ரெண்டு பேரு?’ன்னு. எனக்குச் சொல்லத் தெரியாது. நீதான் படிப்பாளியாச்சே, சொல்லு.”

எனக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு அப்போதே இல்லை. “பாப்போம்” என்று சொல்லி, சொல்லின் பூர்விகம் போட்டிருக்கும் பெரிய அகராதியை மேல்தட்டிலிருந்து இறக்கினோம். அது மேசையில் விழுந்த சத்தத்துக்கு நூலகத்தம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

பாராசோலில் இருக்கும் பாரா இத்தாலியப் பக்கத்திலிருந்து வந்தது. தடுப்பது, விலக்குவது என்று அர்த்தம். பாராசோல் வெயிலைத் தடுக்கிறது. பாராசூட் விழுவதைத் தடுக்கிறது. மாடியின் கைப்பிடிச்சுவருக்குப் பாராபெட் என்று பெயர். நெஞ்சுயரத்துக்கு நின்று நெஞ்சைக் காப்பதால் அந்தப் பெயர். எல்லாம் ஒரே குடும்பம் என்று நீ முடிவு கட்டப் பார்த்தாய். நான் விடவில்லை. தொடக்கம் ஒன்றாக இருப்பதால் மட்டும் உறவு கொண்டாடக் கூடாது என்று அன்றைக்கே உனக்கு வகுப்பு எடுத்தேன். நல்ல வேளையாக அகராதியும் என் பக்கம் பேசியது. பாராலல், பாராகிராஃப், பாராசைட் எல்லாம் கிரேக்க வீட்டுப் பிள்ளைகள். அங்கே பாரா என்றால் பக்கத்தில் என்று பொருள். ஒன்றின் பக்கத்தில் இன்னொன்று ஓடினால் பாராலல். எழுத்துக்குப் பக்கத்தில் போட்ட கோடு பாராகிராஃப். அடுத்தவர் சாப்பாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் பாராசைட்.

அதற்குப் பிறகு நான் உன் கட்டிலுக்கு வந்தால் அறையே சிரிக்கும். “பாராசைட்டு வந்திருச்சு, டப்பாவ மூடுங்கடி” என்பாய். மூடமாட்டாய்.

பாரடைஸ் இரண்டு வீட்டிலும் சேரவில்லை. பாரசீகத்துச் சொல், சுற்றிச் சுவர் எழுப்பிய தோட்டம் என்று படித்துச் சொன்னேன். “அப்ப சொர்க்கங்கிறது காம்பவுண்டு சுவருதானா? எங்க பாஸ்டர் காதுல போட்றாதடி” என்றாய்.

கடைசியாகப் பாராலிசிஸுக்கு வந்தோம். கிரேக்க வீடுதான். ஒரு பக்கமாகத் தளர்ந்துபோவது. நீ அந்த வரியில் விரல் வைத்தாய். “நம்ம ஆளுகளும் பக்கவாதம்னுதான சொல்றாக. எங்கயோ இருக்கிற கிரேக்கனும் எங்க சித்தப்பனும் ஒண்ணாத்தான் யோசிச்சிருக்காக.” பிறகு, “அது ஏன்டி, இம்புட்டு மோசமான நோவு போயி, பக்கத்துல நிக்கிறவுக குடும்பத்துல பொறந்துச்சு?” என்றாய். நான் சிரித்தேன். குடைக்காரர்கள், பக்கத்தில் நிற்பவர்கள் என்று அந்த இரண்டு குடும்பங்களுக்கும் நீ வைத்த பெயர் நம் இரண்டு பேருக்குள்ளேயே இருந்தது.

படிப்பு முடிந்ததும் நீ டிரெயினிங் முடித்துவிட்டு உங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு ஆங்கில டீச்சராகப் போனாய். நான் மேலே படித்துத் தேனியில் கல்லூரிக்குப் பாடம் நடத்த வந்தேன். ஒரு தடவை உன்னைப் பார்க்கப் பள்ளிக்கு வந்து, வகுப்பு முடியும்வரை வராந்தாவில் நின்றேன். நம் பக்கத்து வகுப்புகளில் எங்கும் கேட்கிற அதே முறைதான். டீச்சர் ஒரு சொல்லைப் பாதியில் நிறுத்துவாள், பிள்ளைகள் மிச்சத்தைக் கூட்டமாகக் கத்தி முடிப்பார்கள். “ஏர் இஸ் எ மிக்ஸ்...” என்று நீ இழுக்க, “சர்” என்று கூரை அதிர்ந்தது. நீ வெளியே வந்ததும் முதல் பேச்சாக, “இது பாடமா, பஜனையா?” என்றேன். எல்லோரும் சேர்ந்து கத்தும்போது யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“வாய் பழகட்டும்டி. மூளை பின்னால வந்து சேந்துக்கிரும்” என்றாய். கோபம் இல்லை. காப்பி வாங்கிக் கொடுத்தாய்.

நாற்பதைத் தாண்டியதும் உனக்கு ரத்தக்கொதிப்பு வந்தது. ஒரு காலையில் பல் துலக்கும்போது விழுந்தாய். மதுரையில் ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தேன். வலது கை, வலது கால், வாயின் வலது ஓரம் தளர்ந்திருந்தன. நாம் சொல்வது எல்லாம் உனக்குப் புரிந்தது. பதில்தான் வரவில்லை. ஒரு சொல்லின் முதல் பாதி வரும், பின்பாதி எங்கோ சிக்கிக்கொள்ளும். தண்ணீர் கேட்க ‘தண்’ என்பாய். அதற்குமேல் போகாது, கண்ணில் நீர் முட்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து ஒரு பெண்கள் கூட்டம் வந்து கட்டிலைச் சுற்றிப் பாடியபோது நீ கீர்த்தனை முழுவதையும் ஒரு எழுத்து விடாமல் பாடினாயாம். உன் தம்பி சொன்னான். மூளையில் பாட்டுக்கு இடம் வேறு என்று டாக்டர் சொன்னாராம். நான் அதை நேரில் பார்த்தவள் இல்லை. அந்த ஒரு தடவைக்குப் பிறகு பல மாதம் நான் வரவில்லை. பரீட்சைத் தாள் திருத்தவேண்டியிருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீ மறுபடி வேலைக்குப் போகிறாய் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன். எப்படிப் பாடம் நடத்துவாய் என்று யோசிக்கவில்லை. அடுத்த வருடம் உங்கள் பள்ளித் தாளாளர் தேனிக்கு என் வீடு தேடி வந்தார். கெட்ட மனிதர் இல்லை. நாற்காலி நுனியில் உட்கார்ந்து பேசினார்.

“டீச்சர வெளிய அனுப்பணும்னு நான் வரலைங்க மேடம். அவுகய்யாவும் எங்கய்யாவும் கோயில்ல ஒரே பெஞ்சுல உக்காந்தவுக. ஆனா பெத்தவுக வந்து கேக்குறாக. டீச்சரு பாதிச் சொல்லுல நிப்பாட்டிர்றாக, மிச்சத்தப் புள்ளைகதான் சொல்லுதுக, இதுல யாரு யாருக்குப் பாடம் எடுக்குறதுன்னு கேக்குறாக. எனக்கு இங்கிலீசு அம்புட்டுத் தெரியாது. என்னத்தச் சொல்ல?”

“நான் அவகூடப் படிச்சவ. என்னயக் கேக்குறது மொறையில்லீங்க.”

“அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். தெரியாத ஆளு வந்து உக்காந்தா அவுகளுக்குத் தலகுனிவு. ஒரு பிரியடு பின்னாடி உக்காந்து பாருங்க. எழுதியெல்லாம் தர வேண்டாம். இவுக நடத்தலாம்னோ, வீட்டுல இருக்கட்டும்னோ வாயால ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்.”

வேறு யாரோ வருவதைவிட நான் வருவது உனக்கு நல்லது என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் போடி பஸ்ஸில் உட்கார்ந்ததும் நான் யோசித்தது என்ன தெரியுமா? அவருக்குச் சொல்லப்போகும் வாக்கியத்தை. ‘இவ்வளவு காலம் உழைத்துவிட்டாள், இனி ஓய்வு கொடுப்பதுதான் அவளுக்கு மரியாதை’ என்று ஒன்று அமைத்தேன். ‘மரியாதை’ போதாது என்று தோன்றி ‘அன்பு’ என்று மாற்றினேன். வகுப்பைப் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதி, அதற்கு மெருகும் போட்டுவிட்டேன்.

ஒன்பதாம் வகுப்பு. கடைசிப் பெஞ்சில் இரண்டு பெண்களை நகர்த்தி எனக்கு இடம் கொடுத்தார்கள். தாளாளர் வாசலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நீ வலது காலை இழுத்துக்கொண்டு வந்தாய். வலது கையை முந்தானையால் மூடியிருந்தாய். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று உனக்குச் சொல்லியிருந்தார்கள். என்னைப் பார்த்து அந்தப் புருவத்தை உயர்த்தினாய். அச்சுமுறுக்கு டப்பாவைத் தள்ளும்போது உயர்த்துவாயே, அதே புருவம். நான் பெஞ்சைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

இடது கையால் பலகையில் ஒரு குடை வரைந்தாய். அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி, தோளோடு தோள் நிற்கும் இரண்டு பேர். என்ன பாடம் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. நம் பாடம். குடைக்கு மேலே ஒரு சூரியனைப் போட்டுவிட்டு, “பாரா...” என்று நிறுத்தினாய். “சோல்” என்றார்கள் பிள்ளைகள். வானத்திலிருந்து இறங்கும் ஒரு ஆளை வரைந்தாய். “பாரா...” “சூட், டீச்சர்.” இரண்டாவது படத்துக்கு அடியில் போடி ரயில் தண்டவாளம் ஒன்று. “பாரா...” “லல்.” பாடப் புத்தகத்தை விரித்து ஓரத்தில் விரல் வைத்தாய். “கிராஃப்.”

கூரை அதிரத்தான் செய்தது. ஆனால் இந்தத் தடவை நீ நிறுத்தியது முறைக்காக இல்லை. அதற்கு மேல் உனக்குச் சொல் இல்லை. நம் ஊர்ப் பழக்கத்துக்குள் போய் நீ உன் நோயை ஒளித்து வைத்திருந்தாய், பிள்ளைகளும் தெரிந்தேதான் மிச்சத்தைத் தூக்கிக் கொடுத்தார்கள். இதை இப்போது எழுதுகிறேன். அன்று எனக்கு இவ்வளவு ஓடவில்லை. ஒரு முழுச் சொல்லாவது வருகிறதா என்று உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். தளர்ந்த ஓரத்தில் நீர் கசிந்ததும் நீ கைக்குட்டையால் ஒற்றினாய். அதற்குமேல் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன். எதிர்வீட்டு மொட்டைமாடிச் சுவரில் ஒரு மஞ்சள் சேலை காய்ந்துகொண்டிருந்தது. அந்தச் சுவரைப் பார்த்தபடி, பஸ்ஸில் அமைத்த வாக்கியத்தை மறுபடி சொல்லிப் பார்த்தேன்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. அதனால்தான் திரும்பினேன். நீ பலகைக்குப் பக்கத்தில் நின்று எல்லாத் தலைகளுக்கும் மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

“பாரா...” என்றாய். கேள்விதான், என்னிடம்.

பிள்ளைகள் எல்லோரும் திரும்பினார்கள். நான் எழுந்தே நின்றுவிட்டேன். பரீட்சை பார்க்க வந்தவள் நான், எழுந்து நின்றவளும் நான். நீ எதைக் காட்டிக் கேட்டாய் என்று எனக்குத் தெரியாது. கண்ணில் கடைசியாக இருந்தது அந்தச் சுவர். “பாராபெட்” என்றேன்.

பிறகு முன்பெஞ்சில் ஒருத்தி களுக்கென்றாள். வகுப்பே சிரித்தது. நீயும் வாயின் பாதியால் சிரித்தாய். இல்லை என்று தலையை ஆட்டினாய். குடைப் படத்துக்குக் கீழே போய் ஒரு சுவரை வரைந்தாய், சுவருக்குப் பின்னால் நெஞ்சுவரை மறைந்து நிற்கும் ஒரு ஆளையும். இடது கையை மடக்கி உன் மார்பில் தட்டினாய். “நெஞ்சு” என்றாய். முழுச் சொல். யாரும் முடித்துக் கொடுக்கவில்லை.

தாளாளர் என்னைப் பார்த்தார். “மேடம், டீச்சர் சொல்றது சரியா?”

“அவ சொல்றதுதான் சரி. அந்த வார்த்தை குடைப் பக்கந்தான் வரணும். நான் சொன்னது தப்பு.”

வராந்தாவில் அவர் முகம் தெளிந்திருந்தது. “மேடம், நல்லாச் செஞ்சீக. வேணும்னே தப்பாச் சொல்லி, டீச்சருக்கு வெசயம் தெரியுதான்னு பாத்துட்டீகளே. இனி எவன் வந்து கேட்டாலும் நான் சொல்லிக்கிருவேன். வாய்தான் நிக்கிது, படிப்பு நிக்கலன்னு.” கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். “அதவிட, அவுக அந்தச் சோந்த கையத் தூக்கிப் போட்டு, அந்த ரெண்டு ஆளு படத்தத் தொட்டு, ‘பாரா’ன்னு கேட்டாகல்ல. அந்த நோவு பேரு போடியில எந்தப் புள்ளைக்குத் தெரியாது? ஒண்ணும் வாயத் தெறக்கலியே. நானே தலையக் குனிஞ்சுக்கிட்டேன். நீங்க சட்டுன்னு வேற ஒண்ணச் சொல்லிச் சிரிப்பாக்கி விட்டீக பாருங்க.”

நான் எதைத் தவறவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. உன் நோயை நீயே பாடமாக்கியிருக்கிறாய். பாராலிசிஸைப் பக்கத்தில் நிற்பவர்கள் குடும்பத்தில் வைத்துக் காட்டி, அந்தச் சொல்லை வகுப்பில் கேட்டிருக்கிறாய். பிள்ளைகள் மரியாதையால் வாய் மூடிக்கொண்டார்கள். அந்தப் பாடத்தை உன்னோடு சேர்ந்து படித்தவள் நான் ஒருத்திதான் என்று என்னிடம் கேட்டாய். நான் சேலை காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஆமா” என்றேன் அவரிடம். அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னேன்.

பள்ளி விட்டதும் என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாய். உன் தம்பி கல்லாவில் இருந்தான். மேலே கட்டித் தொங்கவிட்ட குடைகளில் ஒன்றைக் காட்டினாய், அவன் கொக்கிக் கம்பால் எடுத்துக் கொடுத்தான். நீ அதை என் கையில் வைத்து, “நீ... குடை” என்றாய்.

“அக்கா என்ன சொல்றாகன்னா, நீங்க அவுகளுக்குக் குடை மாதிரியாம்” என்றான் தம்பி.

“தெரியுது” என்றேன். விலையைக் கேட்டேன், நீ என் கையைத் தட்டிவிட்டாய். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. சொன்னால் உனக்கு வருத்தமாக இருக்கும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். வருத்தம் உனக்கு இல்லை, எனக்கு. உன் வகுப்பில் உனக்குக் கடைசிவரை காது கொடுக்காதவள் நான் ஒருத்திதான் என்று உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. குடையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகும் நீ பாடம் நடத்தினாய். நான் எப்போதாவது வருவேன். வரும்போதெல்லாம் என் கையைப் பார்ப்பாய், குடை இருக்கிறதா என்று. “மழ... எடு” என்பாய். நான் வருவது குறைந்தது. நன்றியோடு பார்க்கும் ஒரு முகத்துக்கு எதிரில் காப்பி குடிப்பது எனக்கு முடியாததாக இருந்தது. ஒருவர் நம்மைத் தவறாக நினைத்தால் விளக்கம் சொல்லலாம். தவறாக நல்லபடி நினைத்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் யாரும் சொல்லித் தரவில்லை.

உனக்கு இரண்டாவது தடவை வந்தபோது ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகவும் நேரமில்லை என்றான் தம்பி. நான் கல்லறைத் தோட்டத்துக்கு நேராக வந்தேன். அன்றும் இதே சாரல். கூட்டத்தின் பின்னால் உன் குடையின் கீழ் நின்றேன். உன்னிடம் படித்தவர்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். எல்லாம் முடிந்து கலைந்தபோது வளர்ந்த பெண் ஒருத்தி நனைந்துகொண்டே என் பக்கம் வந்தாள்.

“நீங்க பாராபெட் டீச்சர்தான?”

எனக்கு முகம் சுண்டிவிட்டது.

“கோவிச்சுக்காதீக டீச்சர். எங்க செட்டுல உங்களுக்கு அந்தப் பேருதான். நான் மொத பெஞ்சு. அன்னைக்கு மொதல்ல சிரிச்சது நாந்தான். இப்ப நானும் டீச்சர் டிரெயினிங்தான் படிக்கேன்.”

அவளைக் குடைக்குள் இழுத்தேன். பேச வேண்டும் என்று நினைக்கவில்லை. மண் போட்ட சத்தம் இன்னும் காதில் இருந்ததாலோ என்னவோ, வந்துவிட்டது. “அன்னைக்கு நான் வேணும்னு சொல்லலம்மா. நீங்க எல்லாரும் நெனைக்கிற மாதிரி இல்ல.”

“நாங்க அப்படி நெனைக்கலையே டீச்சர்” என்றாள் அவள், சாதாரணமாக. “மறுநாளே எங்க டீச்சர்ட்டக் கேட்டோம்ல. அந்த மேடம் உங்களுக்காகத்தான வேணும்னே மாத்திச் சொன்னாகன்னு. இல்லைன்னு தலைய ஆட்டுனாக. ‘ஜன்...’னாக. ‘ஜன்னலப் பாத்துக்கிட்டிருந்தாகளா டீச்சர்?’னு நாங்க கேட்டோம். ஆமான்னு சிரிச்சாக. அவுக ஒரு ஆளுதான நீங்க இருந்த பக்கம் பாத்து நின்டுக்கிட்டிருந்தது. எங்களுக்கெல்லாம் முதுகு.”

குடையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தேன்.

“பொறகு வாயில வெரல வச்சாக, வெளிய யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு. கரஸ்பாண்டண்ட் சார்ட்ட, வீட்டுல, யார்ட்டயும். ஏன் டீச்சர்னு கேட்டோம். ‘அவளுக்கு... வெக்...’ன்னாக.”

அவள் அங்கே நிறுத்தினாள். நீ நிறுத்தியதுபோலவே. வேண்டுமென்று இல்லை, உன்னைப் பின்பற்றிச் சொல்லிக்கொண்டு வந்ததில் குரல் தானாக அங்கே நின்றுவிட்டது.

“கம்” என்றேன் நான்.

“ஆமா டீச்சர். வெக்கமா இருக்கும்னு. நாங்க யாருமே சொல்லல.”

கல்லறைத் தோட்டத்து வாசலில் மழை கொஞ்சம் வலுத்தது. அவள் குடையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். என்னைவிட உயரம். பஸ் ஸ்டாண்டு வரை அவள்தான் பிடித்துக்கொண்டு வந்தாள், நான் பக்கத்தில் நடந்தேன். உன்னைப் பற்றி அவள் என்னென்னவோ சொன்னாள். எனக்குக் காதில் விழுந்தது பாதி.

அன்றிலிருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கடையில் வைத்து ‘நீ குடை’ என்று சொன்னபோதே உனக்குத் தெரியும். மறுநாள் பிள்ளைகளிடம் சொன்னபோதும் தெரியும். ஒவ்வொரு தடவையும் என் கையைப் பார்த்து ‘மழ, எடு’ என்றபோதும் தெரியும். உனக்குத் தெரியாது என்று நினைத்து நான் வருடக்கணக்கில் கூசிக்கொண்டிருந்தேன். நான் கூசுவேன் என்று தெரிந்து, ஒரு வகுப்பையே வாய் மூட வைத்து, நீதான் குடையை எனக்கு மேலே பிடித்துக்கொண்டிருந்தாய். வாய் வராதவள் நீ. இதற்கெல்லாம் உனக்குப் பேச்சு தேவைப்படவில்லை. எனக்குத் தேவைப்பட்ட ஒரே ஒரு இடத்தில், நீ பாரா என்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்த இடத்தில், என்னிடம் இருந்தது ஒரு மொட்டைமாடிச் சுவர்.

போன வாரம் என் வகுப்பில் ஒரு சொல்லைப் பாதியில் நிறுத்திவிட்டேன். மறந்துவிடவில்லை. ஜன்னல் பக்கம் யாராவது பார்க்கிறார்களா என்று பார்ப்பதற்காக நிறுத்தினேன். கடைசி வரிசையில் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை எழுப்பிக் கேள்வி கேட்கவில்லை. மற்றவர்கள் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். கல்லூரிப் பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாக இருந்தது, ஆனாலும் முடித்தார்கள்.

இன்று காலை வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உன் குடையைப் பிடித்துக்கொண்டே கல்லூரிக்குப் போனேன். வெட்கத்தோடுதான் போனேன். நனையவில்லை.